மீசைக்காரர் கடைக்கு எதுத்தாப்ல

மாப்ள,

விளக்குத்தூண் பக்கம் சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து கொதிக்கிற வாடை வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. நேற்றுச் சாயங்காலமும் நின்றது. தள்ளுவண்டிக்காரரிடம் பருத்திப்பால் இரண்டு சொன்னேன், ஒன்றில் சுக்குத் தூக்கலாக. குடித்துவிட்டு உன் மகள் இருமினாள். அப்புறம்தான் உறைத்தது, சுக்குத் தூக்கலாகக் கேட்கிறவன் நீ. மீசையில் பால் ஒட்டிக்கொண்டு நிற்பாயே, ஊரே மீசைக்காரர் என்று கூப்பிட்ட அந்த மீசையில்.

பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். "அப்பா பலசரக்குக் கடை வச்சிருந்த எடத்துல ஒரு தடவ நிக்கணும் மாமா. அம்புட்டுத்தான்" என்றாள். இதென்ன பெரிய காரியம், கண்ணைக் கட்டிவிட்டாலும் கூட்டிப் போவேன் என்று கிளம்பினேன்.

கீழ மாசி வீதியில் நுழைந்ததும் குழம்பிப் போனேன். எண்ணெய்க் கடைக்கு அடுத்தது உன் கடை. எண்ணெய்க் கடை எங்கே? எல்லாம் கண்ணாடி போட்ட செல்போன் கடைகள். நாம் கதவு நம்பரா பார்த்தோம்? யார் வழி கேட்டாலும் "வேப்பமரத்துக்கு எதுத்தாப்ல" என்பாய். அந்த மரத்தை நமக்கு மீசை முளைக்கும் முன்பே வெட்டிவிட்டார்கள். தேடி அலைந்து திரும்பி வருகிறவரிடம், "மரம் இருந்த எடம் தெரியாம மதுரைக்கு என்னத்துக்கு வர்றீக?" என்று சண்டை வேறு.

ஒரு சித்திரைத் திருவிழாவில் உன் கடைப்படியில் நின்று தேர் பார்த்தோம். "சித்திரைத் தேரு சித்திரை வீதியில ஓடாம மாசி வீதியில ஏன்டா ஓடுது?" என்று கேட்டேன். "அப்ப மாசியிலதான் தேரு. பின்னாடி மாசத்த மாத்திட்டாக, வீதி பேர மாத்தல. இந்த ஊர்ல பேரு நிக்கும் மாப்ள, விசயம் நகண்டு போயிரும்" என்றாய். அன்றைக்குச் சிரித்தேன்.

நேற்றுச் சிரிப்பு வரவில்லை. வீதியில் மேலும் கீழுமாக நடந்தேன். உன்மேல்தான் கோபம் வந்தது. போகிறவன் ஒரு அடையாளமாவது வைத்துவிட்டுப் போகக் கூடாதா? கடைசியில், "தெரியல தாயி. இந்த ரெண்டு வாசல்ல ஒண்ணு" என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை.

அப்போது எதிர்ச்சாரியில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர், உன் மகளைவிடச் சின்னப் பையன், போனில் கத்தினான்: "அண்ணே, மீசைக்காரர் கடைகிட்ட நிக்கிறேன். வெரசா வாங்க!"

உன் மகள் ஓடினாள். "எந்தக் கடை தம்பி?"

"கடையெல்லாம் இல்லக்கா. இந்த எடத்துக்குப் பேரு அது."

அவள் அங்கேயே நின்று அழுதாள். எனக்கு இன்னும் குழப்பம்தான். நான் காட்டிய இரண்டு வாசலுக்கும் அது எதிர்ப்பக்கம். என் நினைவு பிசகியதா, இல்லை உன் பேரும் வீதியைத் தாண்டி நகர்ந்துவிட்டதா? கேட்கலாம் என்றால் நீ இல்லை.

இன்று காலை ஒரு வெளியூர்க்காரர் என்னிடம் வழி கேட்டார். "மீசைக்காரர் கடைக்கு எதுத்தாப்ல" என்றேன். பாவம், தேடிவிட்டுத் திரும்பி வந்தார். நன்றாகச் சண்டை போட்டேன்.