கழிப்பறைச் செருப்போடு வந்த தலைவர்

அன்பு மகள் சனாயேவுக்கு,

இவாயு ஊற்றுத் தெருவிலிருந்து அம்மா தோமியே எழுதுவது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளை ஹசிந்தோவும் அங்கே குவாதலஹாராவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் என்னிடம் மறைக்காதே. உன் கடிதம் வந்த அன்று காலையில் முதல் பனி விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு வந்து, கையைச் சூடுபடுத்திக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

உன் நாத்தனார் ரொசால்பாவும் அவள் புருஷனும் மார்ச்சில் முதல்முறையாக நம் நாட்டுக்கு வருகிறார்கள், கையில் அதிகம் இல்லை, என்ன சொல்லி அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய். தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் வர வேண்டாம் என்று சொல். ராத்திரி பஸ் ஏறினால் ஒரு நாள் விடுதிச் செலவும் மிச்சம், காலையில் மட்சுவேயில் இறக்கிவிடுவான், அங்கிருந்து மெதுரயில். பள்ளி விடுமுறையில் மட்டும் விற்கும் மெதுரயில் சீட்டு ஒன்று உண்டே, நீ கல்லூரி நாளில் அதை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினாயே, அதையே அவர்களும் வாங்கட்டும். மதியம் ரயில் நிலையத்தில் நின்றபடி சாப்பிடும் நூடுல்ஸ் போதும், உறிஞ்சும் சத்தம் வந்தால் வரட்டும், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குமேல் பெரிய கடைகளில் சாப்பாட்டுப் பெட்டி மேல் பாதி விலைத் தாள் ஒட்டுவார்கள், ஒட்டுகிற ஆளின் பின்னாலேயே போகாமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல். குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர், பாட்டில் கொண்டுவந்தால் போதும். தெருவில் குப்பைத் தொட்டி இருக்காது, குப்பையை ஒரு பையில் போட்டுத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் காசைக் கையில் கொடுக்காமல் அங்கே இருக்கிற சின்னத் தட்டில் வைக்க வேண்டும், சாப்பிட்ட இடத்தில் மேலே காசு வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்துவிடுவார்கள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது, அது செத்தவர்களுக்கு வைப்பது. குளிக்கும்போது முதலில் வெளியே உட்கார்ந்து நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அப்புறம்தான் வெந்நீர் ஊற்றில் இறங்க வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது, தலையில் வைத்துக்கொள்ளலாம். எனக்கென்று பெரிய பரிசு எதுவும் தூக்கிவர வேண்டாம், பிறகு நான் பதிலுக்கு என்ன கொடுப்பது என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாயே, அந்தக் குரோய்வா இன்னும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறானா என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். மேலே எழுதியதை ரொசால்பாவுக்குப் படித்துக் காட்டு, கீழே எழுதுவது உனக்கு மட்டும்.

பதினேழு வருஷம் ஆகிறது. மேல்தெருவில் அவன் விடுதிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்த உன் அப்பா, அன்று வந்த சிப்பியில் வாடை வருகிறது, வேண்டாம் என்றார். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்த குரோய்வா பரிமாறச் சொன்னான். பதினோரு விருந்தாளிகள் வாந்தி எடுத்துப் படுத்தார்கள். சுகாதார அதிகாரிகள் வந்ததும் அவன், சமையல்காரரின் கவனக்குறைவு என்றான். முன்கூடத்தில் எல்லார் முன்னாலும் உன் அப்பா நெற்றி தரையில் படக் குனிந்ததை, பதினாறு வயதில், செருப்பு அலமாரிக்குப் பின்னால் நின்று நீ பார்த்தாய். அன்று இரவு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "அப்பா ஏம்மா ஒண்ணுமே சொல்லல?" என்றாய். வேலை போனபிறகு அவர் இந்த வீட்டையே மலிவு விடுதியாக்கி, முதுகுப்பையோடு வருகிறவர்களுக்கு மீன் பொரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே அடுப்பின் முன்னால் போய்ச் சேர்ந்தார். நீ அவர் காரியம் முடிந்து போனவள்தான், மேல்தெரு வழியாக நடக்க மாட்டேன் என்று ஊர்ப்பக்கமே வரவில்லை.

போன வசந்தத்தில் குரோய்வா, அதாவது இப்போதைய விடுதிச் சங்கத் தலைவர், முதல்முறை வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு சின்னக் கையேடு அச்சடித்தான். எங்கே செருப்பைக் கழற்றுவது, எப்படிக் குளிப்பது என்றெல்லாம் படம் போட்டு. அதில் ஒரு படத்தில் முதுகுப்பைக்காரர்கள் ஊற்றுத் தண்ணீரில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மேலே சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. பின்னால் ஒரு வீடு, வாசலில் பூசணிக்காய் நிறத் துணித்திரை. இந்தத் தெருவில் அந்த நிறத் திரை வேறு எந்த வீட்டில் தொங்குகிறது? ஊர் வரைபடம் ஒரு பக்கத்தில் இருந்தது. நம் வீடு இருக்கிற இடத்தில் ஒரு மரம் வரைந்திருந்தான். அந்தக் கோடையில் ஆறு படுக்கையில் நாலு காலியாகவே கிடந்தது. என்னைப் பார்த்து, "தோமியே அம்மா, மனசுல வெச்சுக்காதீங்க, பொதுவாத்தான் போட்டோம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மனதில் நன்றாகவே வைத்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் இவோனே என்று ஒரு பிரேசில்காரி வந்தாள், ஐம்பது வயது, அங்கே பஸ் ஓட்டுகிறவள். அவள் ஊரில் நம் ஆட்கள் நிறையக் குடியேறியிருக்கிறார்களாம், அதனால் நம் பேச்சு தட்டுத்தடுமாறி வரும். மூன்று வாரம் தங்கினாள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு வழக்கமாகக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். கழிப்பறைக்குள் மட்டும் போடுகிற செருப்பு வேறு, அதை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "நான் மறந்துட்டா என்னை வீட்டை விட்டுத் துரத்திடுவீங்களா அக்கா?" என்றாள். அப்போதுதான் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், மேல்தெரு விடுதியின் பெரிய கூடத்தில் தலைவர் கையேட்டை விளக்கப்போகிறார், எல்லா விடுதிக்காரர்களும் விருந்தாளிகளோடு வரலாம் என்று அறிவிப்பு வந்தது. எழுந்து நின்று அந்தப் படத்தைப் பற்றி அதிகாரி முன்னால் கேட்டுவிடுவது என்று தீர்மானித்து, நல்ல கிமோனோவாக எடுத்துக் கட்டிக்கொண்டு, இவோனேயையும் கூட்டிக்கொண்டு போனேன். பதினேழு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசல்படி ஏறினேன்.

கூட்டம் தொடங்கும் முன் நடையில் நின்றுகொண்டிருந்தேன். கழிப்பறைக் கதவு திறந்தது, குரோய்வா கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே வேகமாக வெளியே வந்தான். காலில் பச்சை ரப்பர் செருப்பு, முன்னால் கழிப்பறை என்று எழுதியிருந்தது. சனாயே, எதிரியாகவே இருந்தாலும் அந்த இடத்தில் நம் ஆட்கள் யாராக இருந்தாலும் காதோடு சொல்லிவிடுவார்கள். எனக்கும் "காலைப் பாருங்க" என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன். "தலைவரே, நேரமாச்சு, அதிகாரி காத்துக்கிட்டிருக்கார்" என்றேன். அதோடு நிற்கவில்லை, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கதவை நகர்த்தித் திறந்துவிட்டு, அவன் உள்ளே போகிற வரையில் தலை வணங்கினேன். அவ்வளவு மரியாதையாக என் வாழ்நாளில் யாருக்கும் நான் கதவு திறந்ததில்லை.

புதுப் பாய் விரித்த கூடம், வைக்கோல் வாசனை கூடப் போகவில்லை. அதன் நடுவில் அந்தச் செருப்போடு போய் நின்று, கையேட்டின் முதல் பக்கத்தை விரித்துப் பிடித்து, நம் நாட்டில் பாய் என்றால் எவ்வளவு சுத்தம் என்று ஆரம்பித்தான். முதல் வரிசைப் பெண்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள், ஒருத்தி கூடச் சொல்லவில்லை. இவோனே பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கி, "ஐயா, ஒரு சந்தேகம். உங்க கால்ல இருக்கிறது எந்தச் செருப்பு?" என்றாள். நான் சொல்லிக் கொடுத்துக் கேட்கவில்லை, சத்தியமாக. அவன் குனிந்து பார்த்தான். அதிகாரி கூரையைப் பார்த்தார். இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே வைக்கவும் இடமில்லாமல், மேலே வைக்கவும் இடமில்லாமல் அவன் நின்ற கோலம் இருக்கிறதே, அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

அத்தோடு நான் சும்மா இருந்திருப்பேன், என் வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. தேநீர்த் தட்டோடு ஓரமாக நின்ற பணிப்பெண்ணைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் செருப்பை மாத்தி வெச்சிருக்கா, எத்தனை தடவை சொன்னாலும் இவங்களுக்கு ஏறாது" என்றான். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டுக் குனிந்தாள். உன் அப்பா குனிந்த அதே மாதிரி. எழுந்து நின்றேன். "அந்தப் பொண்ணு தலை குனிய வேண்டாம். கழிப்பறையிலிருந்து நீங்களே அதைப் போட்டுக்கிட்டு வந்தீங்க, நான் பாத்தேன், பாத்துட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டேன். அன்னிக்கு நாத்தம் புடிச்ச சிப்பிய என் வீட்டுக்காரர் வேண்டாம்னு சொன்னார், பரிமாறுன்னு சொன்னது நீங்க. குனிஞ்சது அவர்" என்றேன். இவோனேயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நம் ஊரில் இப்படி நாலு பேர் முன்னால் பேசுவது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குத் தெரியும். பதினோரு நாள் யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. வீடு வீடாகச் சுற்றுகிற தெரு அறிவிப்பு அட்டை நம் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. மீன்கடைக்காரன் முகம் பார்க்காமல் பொட்டலம் கட்டினான். பன்னிரண்டாம் நாள், மேல்தெரு விடுதியில் முன்பு தலைமைப் பணிப்பெண்ணாக இருந்த முராசே அம்மா அந்த அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். "சிப்பி வேண்டாம்னு உன் வீட்டுக்காரர் இசாமு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு தோமியே. வேலை போயிடும்னு பயந்து வாயைப் பொத்திக்கிட்டேன். நேத்து சங்கத்துல எழுந்து சொல்லிட்டேன்" என்று அழுதாள். நான் தேநீர் கொடுத்தேன், பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வாரமே குரோய்வா தலைவர் பதவியை விட்டு இறங்கினான், கையேட்டையும் திரும்ப வாங்கிவிட்டார்கள். புது வரைபடத்தில் மரம் இல்லை, நம் வீடு இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவனே வந்தான், கறுப்புக் கோட்டு, கையில் துணியில் சுற்றிய இனிப்புப் பெட்டி. வாசல் மண்தரையில் நின்றான். நான் மேல்படியில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். "ஏறி வாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லாமல் யாரும் படியேற முடியாதே, நான் சொல்லவில்லை. செருப்பு விஷயத்தில் மனதைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னிக்கணும் என்றான். "அதுக்கு என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? பாய் உங்களோடது" என்றேன். உள்ளே வானொலியில் கடல் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு துறைமுகமாக வாசித்து முடிக்கிற வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "சிப்பி வாங்கினது நான்தான். இசாமு மேல ஒரு தப்பும் இல்லை" என்றான். சொல்லிவிட்டு அந்தக் குளிர்ந்த மண்தரையிலேயே, விருந்தாளிகளின் ஈரக் காலணிகளுக்கு நடுவில், நெற்றி படக் குனிந்தான். "போதும், எழுந்திருங்க" என்று சொல்வதுதான் வழக்கம். அதையும் நான் சொல்லவில்லை. உச்சியில் முடி கொட்டி வெளுத்துப்போன அந்தத் தலையை வேண்டிய மட்டும் பார்த்தேன். அவனாகவே அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நான் தொடாத பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

உன் அப்பாவாக இருந்தால் அவன் வாசலுக்கு வந்த நிமிஷமே ஏறி வரச் சொல்லி, அடுப்பில் தண்ணீரும் வைத்திருப்பார். அது எனக்குத் தெரியாதா. மாடத்தில் அவர் படத்துக்கு முன்னால் சோறு வைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் உங்களைப் போல இல்லை என்பதையும் சொன்னேன். அன்று மதியம் வழக்கத்துக்கு மேலே ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்டு எழுதாதே, இல்லை என்றுதான் பதில் வரும்.

மார்ச்சில் அவர்களோடு நீயும் வா. மேல்தெரு வழியாகவே வா, நடுவில் நட. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், செய்யாத தப்புக்கு யார் முன்னாலும் குனியாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ரொசால்பாவிடம் ஒன்று மட்டும் மறக்காமல் சொல், இங்கே நாளைக்குப் பத்து தடவை காலணி கழற்ற வேண்டியிருக்கும், ஓட்டை இல்லாத காலுறையாக நாலு ஜோடி எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
பிடிவாதக்காரியான உன் அம்மா
தோமியே