பத்தாம் நம்பருக்கு மேல் இல்லை

என் அன்புச் சுண்டெலிக்கு,

இந்த இரண்டு அறை சாம்ராஜ்யத்தின் ஒரே மன்னனும் ஒரே குடிமகனும் ஆகிய உன் சித்தப்பன், பிளாஸ்டிக் நாற்காலி என்னும் அரியணையில் அமர்ந்து எழுதுவது. நான் சுகம், என் முழங்கால் பாதி சுகம், சமையலறைக் குழாய்தான் சுகமில்லை, அழுதுகொண்டே இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உன்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்ன? அண்ணனும் அண்ணியும் உன்னை என் கையில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த புதிதில் நீ வாயைத் திறந்தால் நாலு தெரு தள்ளி ஜன்னல் கண்ணாடி உடையும். இப்போது போனில் நாலு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் எடுத்த எடுப்பில் "அலமாரி முடிஞ்சுதா சித்தப்பா" என்று கேட்டாய், நானும் வழக்கம்போல "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். அந்த "இன்னும் கொஞ்சம்" என்ன என்பதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்காமல் படி. சிரித்தாலும் எனக்குக் கேட்குமாறு சிரி.

நீ இங்கே விட்டுப்போன சாமான்களெல்லாம் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன என்று நீ அனுப்பிய அலமாரி, அதுவே ஒரு அட்டைப்பெட்டியில்தான் வந்தது. மூன்று யானை இழுக்கும் கனம். கொண்டுவந்தவன் வாசலில் சாத்திவிட்டு, நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குள் ஓடிவிட்டான். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ. ஸ்க்ரூவா அது, கொசுவின் கால். அரசருக்கு இது அடுக்குமா என்று ஹார்டுவேர் கடையில் கறுப்பாக, நீளமாக, பார்க்கவே கம்பீரமாக இருந்ததை அள்ளிக்கொண்டு வந்தேன். முதல் ஸ்க்ரூவின் தலை முறிந்து கையோடு வந்தது. இரண்டாவது ஸ்க்ரூ பலகையைத் துளைத்து மறுபக்கம் வந்து, என் சட்டையைக் கவ்வி, என்னை அலமாரியோடு சேர்த்துத் தைத்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில்தான் மேல்வீட்டு டிரைவர் இறங்கி வந்தார். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மகன் மருமகளோடும் இரண்டு வாண்டுகளோடும் மேலே இருக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, அம்பது பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில வண்டியைத் திருப்பியிருக்கேன், இப்படி ஒரு விபத்தைப் பார்த்ததில்லை" என்றார்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா உடைந்த ஸ்க்ரூவைப் பார்த்ததுமே, "இது கூரையில ஜிப்சம் பலகை மாட்டுறதுக்கு, மரத்துல போட்டு முறுக்கினா தலை போயிடும், உங்க தலையையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றாள். பிறகு மரத்துக்கென்றே இருக்கும் எட்டாம் நம்பர் ஸ்க்ரூ கொடுத்தாள். நீயும் தெரிந்துகொள், அங்கே எதையாவது மாட்டப் போய் சுவரை இடித்துவிடாதே. முதல் பலகைக்குள் ஸ்க்ரூ தாராளமாகப் போய்வர வேண்டும், இரண்டாவது பலகையைத்தான் கடிக்க வேண்டும். இரண்டையும் கடித்தால் நடுவில் சந்து விழும், எவ்வளவு முறுக்கினாலும் நெருங்காது. ஸ்க்ரூவின் பாதிக்கு மேல் இரண்டாவது பலகைக்குள் இருக்க வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. முதலில் மெல்லிய ஓட்டை போட்டு, ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் சோப்பு தடவினால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும். இதையெல்லாம் நானே கண்டுபிடித்ததாகத்தான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், நீ காட்டிக்கொடுக்காதே.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் டிரைவர் வந்தார். அவர் பக்கப் பலகையைப் பிடிப்பார், நான் திருகுவேன். அலமாரிப் பலகைகளைச் சேர்த்துப் பூட்ட இரண்டு பேர் வேண்டும் என்று அவரிடம் சட்டம் போட்டுச் சொல்லியிருந்தேன். வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் இடது பக்கம் திருகினால் அவர் ரிவர்ஸ் ரிவர்ஸ் என்று கத்துவார், நான் டீ போட்டால் இது டீயா ரேடியேட்டர் தண்ணியா என்று கேட்பார். அப்படியே ஒருநாள் அலமாரி நிமிர்ந்து நின்றுவிட்டது. "சரிண்ணே, வேலை முடிஞ்சுது" என்று கையைத் தட்டிக்கொண்டு மேலே போனார். மறுநாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. மேலே வாண்டுகள் ஓடுகிற சத்தம், அவர் சிரிக்கிற சத்தம், எல்லாம் கேட்டது. கீழே நானும் அலமாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது என்னைவிட அழுத்தமான ஆள், வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றாக நின்றுகொண்டிருந்த அலமாரியின் பக்கப் பலகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று "டிரைவரே, பலகை சாஞ்சுடுச்சு" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்தார். பூட்டினோம். மூன்று நாள் பொறுத்து மறுபடி கழற்றினேன். இந்த மரத்தூள் பலகைக்கு ஒரு குணம், கழற்றும்போதெல்லாம் ஸ்க்ரூவோடு தூளும் உதிரும், ஓட்டை பெரிதாகும், பழைய ஸ்க்ரூ பிடிக்காது. எட்டாம் நம்பர் போய் அதைவிடத் தடித்த பத்தாம் நம்பர் வந்தது. அதுவும் ஆட ஆரம்பித்ததும் கடைக்கு ஓடினேன். அந்த அம்மா "பத்துக்கு மேல பலகை ஓரத்துல ஏறாது, பொளந்துடும்" என்றாள், அதோடு விட்டாளா, "நீங்க அலமாரி செய்றீங்களா, இல்ல ஸ்க்ரூ வளர்க்கிறீங்களா" என்று கேட்டாள். உலகத்தின் கடைசி ஸ்க்ரூவை வாங்கிய மனிதனாக வீட்டுக்கு நடந்து வந்தேன்.

போன புதன்கிழமை டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தால், டிரைவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பசையை ஓட்டைகளில் ஊற்றி, தீக்குச்சிகளைத் திணித்து, பலகைக்குத் தோளால் முட்டுக் கொடுத்தபடி பத்தாம் நம்பரை ஏற்றிக்கொண்டிருக்கிறார். தனியாக. அத்தனையும் தனியாக. பலகையைப் பிடிக்க இன்னொரு ஆள் தேவையே இல்லை என்பது அந்த மனிதருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது சுண்டெலி. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இனிமே இதைக் கழட்ட எமனாலயும் முடியாது. தோள் வலிக்குதுண்ணே. நான் சும்மாவே வர்றேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஏழு கடலும் வற்றியிருக்கும். வாயில் வந்தது என்னவோ "சர்க்கரை போதுமா" என்பதுதான்.

சொன்னபடி வியாழக்கிழமை சும்மா வந்தார். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கையில் ஒன்றும் இல்லாமல் இரண்டு கிழவர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் பேச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவர் ஃபேனைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். குழாய் சொட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். சீக்கிரமே எழுந்துவிட்டார். நேற்று சின்ன வாண்டுக்குக் காய்ச்சல், வரவில்லை. இன்று இருட்டிக்கொண்டு வருகிறது, இன்னும் காணோம். கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன்.

ஆகவே அரசு அறிவிப்பு: அலமாரி முடிந்துவிட்டது. முடிந்து நாளாயிற்று. உன் சாமான்களையெல்லாம் அடுக்கிவிட்டேன், மேல் தட்டு மட்டும் காலியாக இருக்கிறது. உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், முடிந்தது என்று சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு நீ என்னதான் கேட்பாய் என்று எனக்குப் புரியவில்லை. வேறொன்றுமில்லை. இன்னொரு அலமாரி மட்டும் அனுப்பிவிடாதே அம்மா, வைக்க இடமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதட்டாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நூறு வயது வரை, அதற்கு மேலும் அலுக்கும் வரை, இரண்டு பேரும் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. கேட்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு. பேச்சு நின்றுபோனால் உடனே வைத்துவிடாதே, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எந்த வேலையும் பாக்கி இல்லாத
உன் சித்தப்பன்