நான்கு துண்டும் பூத்தன

உங்கள் அக்கா வீட்டில் சௌகரியமாக இருக்கும் உங்களுக்கு,

வீட்டை விற்க நீங்கள் அனுப்பிய தரகர் நேற்று வந்தார். வேலியோரம் ஆளுயரம் நிற்கும் ஊதாப்பூச் செடிகளைப் பார்த்து, "இந்தக் களைய எடுத்துட்டா இடம் பெருசா தெரியும்மா" என்றார்.

"எடுக்கப் பாத்தவருதாங்க கிளம்பிப் போயிட்டாரு" என்றேன்.

போன வருஷம் என்மேல் இருந்த கோபத்தில் அந்தச் செடியின் தூரை மண்வெட்டியால் நாலாக வெட்டிக் குப்பையில் எறிந்தீர்களே, அன்று சாயங்காலமே நாலையும் பொறுக்கி வேலியோரம் நட்டேன். நாலும் பிழைத்துக்கொண்டன. நாற்றுப்பண்ணைக்காரர் இதைச் செவ்வந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை என்கிறார். தங்கைக்குத்தான் பிடிவாதம் அதிகமாம். தண்டு அத்தனை உறுதியாக இருப்பதால் இரும்புச்செடி என்றே கூப்பிடுகிறார். மேலே காய்ந்து போனாலும் வருஷா வருஷம் வேரிலிருந்து திரும்ப வந்துவிடுமாம்.

உங்கள் சட்டைகளைத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். நீங்களே வர வேண்டும் என்றில்லை.

தரகர் கொண்டுவந்த விற்பனைப் பத்திரத்தைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் கையெழுத்துதானே வேண்டும்? இதோ, கீழே போட்டிருக்கிறேன். இதை வைத்து விற்க முடிந்தால் விற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இந்த வீட்டை விட்டுப் போகாதவள்