பிள்ளைகள் எத்தனை பேர்?

அன்புள்ள மகனுக்கு,

எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அப்பா எழுதுகிறாரே என்று உருகிவிடாதே. காரியம் இருக்கிறது, எழுதுகிறேன்.

உன் தங்கைக்கு ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில், ரேடார் பிரிவில் வேலை கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். உள்ளே போக அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு நாற்பது பக்க விண்ணப்பம். கல்லூரியில் தோழிக்காக வருகைப் பதிவேட்டில் கள்ளக் கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் வெளியே நின்றாளே, அதைக்கூட எழுதியிருக்கிறாள். இதையெல்லாம் எவன் கேட்டான் என்று கத்தினேன். கேட்டிருக்காங்கப்பா, அதான் எழுதினேன் என்றாள்.

போன மாதம் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்து விவகாரத்தை நானே ஆரம்பித்தேன். படிக்கிற வயசுல நடந்தது, அவங்களே சொல்லிட்டாங்க, விடுங்க என்று பக்கத்தைப் புரட்டினார். பிறகு, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர் என்று கேட்டார். ஒரே பொண்ணு என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டி, குடியுரிமையும் வாங்கிய நாள்முதல் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தானே சொல்கிறேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். உன் பெயர், உன் மனைவி பெயர், அவள் அண்ணன் அங்கே ராணுவத்தில் இருப்பது, உன் தங்கை ஞாயிறுதோறும் உன்னோடு போனில் பேசுவது, எல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தது. காய்ந்த துணி எடுக்கத்தான் மாடிக்குப் போகிறாள் என்றிருந்தேன். ஒரு மணி நேரம் எடுக்க இந்த வீட்டில் துணி ஏது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? உன் அம்மாவும் இதில் கூட்டு.

வெளிநாட்டில் உறவு இருப்பது குற்றமில்லையாம். மறைப்பதுதான் வம்பாம். பெற்ற அப்பனே மறைக்கிறான் என்றால் அந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று இப்போது தோண்டுகிறார்கள். பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம், வாரிசுப் பட்டியலில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பியவன் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், கெடுவது பெண்.

அவளை ஆராய்ச்சிக் கூடத்தின் வாசல் பக்கத்து அறையில் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள். கழிவறைக்குப் போனாலும் கூடவே ஒருவர் வர வேண்டுமாம். இருபது நாளில் அனுமதி வராவிட்டால் வேலை போய்விடும். என்னைத் திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை. பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். எனக்குத் தாங்கவில்லை.

உன் வேலை, குடியுரிமை, மைத்துனன் விவரம் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வீம்பு பிடிக்காதே. அது என் ஒருவனோடு போகட்டும். இந்தக் கடிதத்தை உன் அம்மா செல்போனில் படம் பிடித்து அனுப்புவாள். அதையும் எனக்குத் தெரியாமல் கற்று வைத்திருக்கிறாள்.

நானும் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் பாக்கி. மகனோடு கடைசியாகப் பேசிய நாள் எது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தத் தேதி எனக்கு மறக்கவில்லை. எழுதத்தான் கை வரவில்லை. தாளைத் திங்கட்கிழமை கொடுத்தால் போதும். அதற்குள் ஒரு தடவை வீட்டுக்குப் போன் பண்ணு. நான்தான் எடுப்பேன்.

நீயும் உன் மனைவியும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா