மூக்கில் ஒரு சந்தனப் பொட்டு

என் செல்லக் கழுதை சரவணா,

பறந்துவிட்டதடா! நலமா என்று கேட்டுத் தொடங்கக்கூடப் பொறுமை இல்லை. உன் இறக்கை பறந்துவிட்டது.

நீ மோட்டார் சைக்கிள் விபத்தில் போன பிறகு, பாதியில் கிடந்த, இறக்கை வைத்த உன் குட்டி ரோபோவை நானும் உன் கூட்டாளி பைசாலும்தான் முடித்தோம். உள்ளங்கை அகலம், ஐந்து காசு நாணயத்தின் எடைகூட இருக்காது. ட்ரோன் மேலே கொண்டுபோய் விட்டதும், செம்பனை மரங்களுக்கு மேல் தானே மிதந்து, தானே வழி பார்த்து, வாடிய மரங்களைத் தேட வேண்டும். அதுவோ, விடும்போதெல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு குட்டிக்கரணம் போட்டது. நீ கற்றுக்கொடுத்த தமிழிலேயே பைசால் சொல்லிவிட்டான்: "இன்னைக்கும் விழுந்தா வேற இறக்கைக்குப் போலாம் லா, அக்கா."

நீ செய்ததில் மிச்சம் இருப்பது அந்த இறக்கை ஒன்றுதான். அதையும் தூக்கிப் போடுவதா?

பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்துக்கு அம்மாவும் வந்தார். நான் ட்ரோனைத் தயார் செய்துவிட்டுத் திரும்பினால், ரோபோவின் மூக்கில் சந்தனம், நடுவில் குங்குமம்!

"அலமாக்! என்னம்மா பண்ணிட்டீங்க? பசையக்கூட அளந்து அளந்து வச்ச சாமான்மா இது!"

"புதுக் காடி வாங்கினா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். எம்புள்ள செஞ்சதுக்கு ஒரு பொட்டு வைக்கக் கூடாதா?"

துடைக்கப் போனேன். பைசால் தடுத்தான். "இருக்கட்டும் அக்கா. எப்படியும் விழத்தானே போகுது."

விழவில்லை. மூக்கு மெல்லத் தாழ்ந்தது, அப்புறம் அப்படியே காற்றில் படுத்துக்கொண்டது. சத்தமே இல்லை. மரத்தலைகளுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. சாலை ஓரம் வந்ததும் தானாகச் சாய்ந்து தோட்டத்துப் பக்கமே திரும்பியது.

"யாரு ஓட்டுறது?" என்றார் அம்மா.

"யாரும் இல்லம்மா. அதுவே பாத்துத் திரும்புது."

"யாருமே இல்லாமயா?" கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

நான் சிரிக்கவில்லையடா. அந்தத் திருப்பத்துக்கு நிரல் எழுதியவளே நான்தான், ஒவ்வொரு வரியும் தெரியும். இருந்தும் மேலெல்லாம் புல்லரித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நாம் செய்த ஒன்று நம்மைக் கேட்காமலே போகிறதே, அதை என்னவென்று சொல்வது?

காரணம் சீக்கிரமே பிடிபட்டது. லேசு, லேசு என்று நீ மூக்கை அளவுக்கு மீறிச் சுரண்டித் தள்ளியிருந்தாய். இறக்கையில் ஒரு குறையும் இல்லை. முன்னால் துளிக் கனம்தான் போதவில்லை, அதை அம்மாவின் பொட்டு கொடுத்துவிட்டது. நீ இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாயா? எங்கே! "சந்தனத்தையும் கணக்குல சேத்துதான்கா வச்சிருந்தேன்" என்று அளந்திருப்பாய்.

பைசால் கண்ணைத் துடைத்துக்கொண்டே புல்லுக்குள் தேடி அதை எடுத்து வந்தான். அம்மா வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இம்புட்டுதானா?" என்றார். நீ போனதிலிருந்து எங்களிடம் எதுவுமே வேண்டும் என்று கேட்காத அம்மா, "இன்னொரு தடவ விடு, நான் சரியாப் பாக்கல" என்றார்.

பச்சைப் பொய். கண் கொட்டாமல் பார்த்தார்.

உன் இறக்கையில் மயிரிழைகூட மாற்ற மாட்டேன், மாற்றவும் விட மாட்டேன். அம்மா கேட்கும்போதெல்லாம் அதைப் பறக்க விடுவேன், போதும் என்று அவரே சொல்லும்வரை. இது சத்தியம்டா.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உன் அக்கா மாலதி
கூலாய்