பருவம் தவறிப் பூத்த கறுத்தக்கொழும்பான்

சிவமயம்

மீசாலை,
யுவ வருஷம், கார்த்திகை 12

அன்புள்ள மகன் பஞ்சலிங்கத்துக்கு,

பிள்ளையார் காவலில் நானும் கொம்மாவும் சுகமாயிருக்கிறோம். மலாயாவில் அந்த ரப்பர்த் தோட்டத்தில் நீயும் சுகமென்று நம்ப ஆசைப்படுகிறேன். நம்ப முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்பது வருஷமாய்க் காய்க்காமல் நின்றது உனக்குத் தெரியும். காய்க்காத மரத்தை வெட்டப்போவதாய்ப் பயப்படுத்தினால் காய்க்கும் என்பார்களே, ஆவணியில் அதை அந்த வழக்கப்படி வெருட்டினோம். நான் கோடரியை ஓங்க, பக்கத்து வளவு நமசிவாயம் என் கையைப் பிடித்து, பொறுங்கோ அண்ணை, வாற வருசம் காய்க்கும், நான் பிணை என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். அந்த மனுசன் சுருட்டுப் பற்றவைக்க நெருப்புக்குச்சி தேடிக்கொண்டு நின்றுவிட்டான். எனக்கும் கோபம் ஏறிவிட்டது. மெய்யாகவே மூன்று வெட்டு விழுந்தது. மறுகிழமை அந்த மரத்து இலை தடித்துக் கறுத்தது, ஆடு கிட்டப்போய் முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. அதுகூடப் பரவாயில்லை, பத்து முழம் தள்ளி நிற்கும், நான் தொடவே தொடாத விலாட்டு மாமரத்தின் இலைகுழையையும் ஆடு தின்னவில்லை. அந்த மரத்துக்கு யார் போய்ச் சொன்னது? வெட்டுப்பட்ட இடத்திலிருந்து ஏதோ ஒரு சாறு மரம் முழுக்க ஓடி ஆபத்தை அறிவிக்குமாம், மரம் தன்னை இறுக்கிக்கொள்ளுமாம் என்று உங்கள் துரை சொன்னதாய் முன்பு எழுதியிருந்தாய். வாசித்துச் சிரித்தவன் நான். பிறகு ஐப்பசி மழையில், மா பூக்கவே பூக்காத காலத்தில், வெட்டுப்பட்ட மரம் இலை தெரியாமல் பூத்தது. ஒரு தேனீகூட வரவில்லை. கொம்மா இப்போது தனியே தண்ணீர் அள்ளப் போகிறாளில்லை. நேற்று நமசிவாயம் வந்து பார்த்து, அண்ணை, உது சந்தோசத்திலை பூக்கேல்லை, சாகப் பயந்து பூத்திருக்குது என்றான். வெட்டுக்கு மேலே கையை வைத்தேன், பட்டை கையோடு கழன்று வந்தது. உள்ளே ஈரமே இல்லை.

மகன், அந்த நேரம் தொடக்கம் உன் நினைவுதான். நீ பள்ளிக்கூடச் சோதனையில் தவறிய அன்று, இனி இந்த வளவுக்குள் கால் வையாதே என்று சொன்னேன். மற்ற நாளென்றால் கொம்மா குறுக்கே வந்திருப்பாள். அன்று அவள் அச்சுவேலிக்குத் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நீ கப்பலேறி இரண்டு வருஷம். வந்த கடிதம் எல்லாவற்றிலும் நல்ல செய்திதான். பெரிய கிளாக்கர் ஆனாய், துரை கைகொடுத்தார், புதுக் கோட்டுப் போட்டுப் படம் எடுத்தாய். ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். நேற்றுப் பின்னேரம் அவற்றை ஒன்றாய் வைத்து வாசித்தேன், இரண்டு வருஷத்தில் உனக்கு ஒரு தலையிடிகூட வரவில்லை. எனக்குப் பயமாயிருக்கிறது.

ஆகையால் அடுத்த தபாலில் ஒரு கெட்ட செய்தி எழுது. காய்ச்சல் என்று எழுது, அழுதேன் என்று எழுது, என்னில் கோபம் என்று எழுது. அன்று சொன்ன சொல்லை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன், வாசல் படலையையும் கட்டாமல் திறந்து விட்டிருக்கிறேன். மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் உன்னோடு நிற்பார். கெட்ட செய்தியை மறவாதே.

இப்படிக்கு,
உன்னை வெருட்டிய தகப்பன்,
வே. பொன்னம்பலம்