பாவு நீட்டிய தெருவுக்குள் பேட்டரி வண்டி

நேற்று நம் டீசல் வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியவர் சாவியைத் திருகியதும் வழக்கம்போல் பின்னால் குப்பென்று கரும்புகை. அந்த வாடை மூக்கில் ஏறியதும், பக்கத்து சீட்டில் நீ உட்கார்ந்து வெற்றிலை மெல்வது போலவே இருந்தது. "டீசல் இல்லாத வண்டி வண்டியேடா இல்ல" என்பாயே. என்பாய், என்பாய். நான் விற்றுவிட்டேன். கோபமிருந்தால் வந்து சண்டை போடு.

நீ கண்ணை மூடி எட்டு மாதம். ஆரணியில் தறிகளுக்கு ஜக்கார்டு பெட்டி மாட்ட, பழுது பார்க்க இன்னும் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். புடவைக் கரையில் பூ எடுக்கும் அந்தப் பெட்டி என்ன பூக்கூடையா, ஒரு ஆள் தூக்க? நம் பிழைப்பில் பாதி நெசவாளர் தெருதான். அங்கேயோ நம் வண்டி தெருமுனையைத் தாண்டக் கூடாது. நீ இருந்தவரை கழியில் கட்டி இரண்டு பேரும் தூக்கிப் போனோம். இப்போது கூலிக்கு வருகிறவன் ஒருமுறை தூக்கினால் மறுமுறை போனை எடுப்பதில்லை. வண்டி உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தெருவை நான் விட வேண்டும்.

அந்தத் தடை வந்ததன் உண்மைக் கதையை நீ யாரிடமும் சொல்லவில்லை. அன்று விடியற்காலையில் தெருவுக்கே பெரியவரான சரோஜாம்மா வீட்டுப் பாவை, தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, தெரு நெடுக நீட்டிக் கஞ்சி போட்டிருந்தார்கள். கல்யாணப் புடவைக்கான சந்தன நிறப் பட்டு; ஈரம் காயவில்லை. செல்ஃப் கோளாறு, அணைத்தால் தள்ள வேண்டும் என்று இன்ஜினை ஓடவிட்டே பக்கத்து வீட்டுக்குப் பெட்டியை இறக்கினோம். புகைக்குழாய் பாவைப் பார்த்து இருந்தது. ஈர இழையெல்லாம் கரி. அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்தபோது நீ முன்னால் போய் நின்று, "நான்தான் ஓட உட்டேன். வண்டின்னா புகை வரும்" என்றாய். ஓட்டியவன் நான். அணைக்க வேண்டாம் என்றவனும் நான். திரும்பும்போது, "நீ அந்தத் தெருவுல பொண்ணு கட்டினவன். உன்ன யாரும் பேசக்கூடாது" என்றாய், அவ்வளவுதான்.

புது வேன் என்றால் தவணை கழுத்தை நெரிக்கும். கேஸ் வண்டி பார்த்தேன், பங்கில் வரிசையில் நின்றே பாதி நாள் போகும். கடைசியில் போன மாதம், ஒருவர் ஓட்டி விற்ற பழைய மூன்று சக்கர பேட்டரி வண்டியை வாங்கினேன். ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. "சேத்துப்பட்டு போறதுக்குள்ள படுத்துடும், தள்ளிகினு வா" என்றார்கள். வேண்டுமென்றே பெட்டியை ஏற்றிக்கொண்டு இருபது கிலோமீட்டர் தாண்டிச் சேத்துப்பட்டு போய், திரும்பி ஸ்டாண்ட் வழியாகவே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பாய். அந்த ஹாரன் உனக்கும் சேர்த்துத்தான்.

இன்று காலை தெருமுனையில் வண்டியை நிறுத்தி, சரோஜாம்மாவிடம் போய் அனுமதி கேட்டேன். அந்தம்மா வந்து வண்டியைச் சுற்றினார், பின்னால் குனிந்து குழாயைத் தேடினார். பிறகு, "சரி, ஓரமா வந்துட்டு போ. அந்தத் திமிரு புடிச்ச மனுஷன் இருந்தவரைக்கும் பேஜாருதான்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், தெரு என் கையில். என்னால் முடியவில்லை.

"அன்னிக்கு இன்ஜின ஓட உட்டது நான்தாம்மா. அவன் எனக்காகப் பழி ஏத்துகினான்" என்றேன்.

சரோஜாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்த மனுஷன இத்தினி நாளு பேசிகினு இருந்தேனே" என்று முனகினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி வரட்டும். எம்புள்ள ஓட்டிகினு வருவான். நீ எறங்கி நடந்து வா. அன்னிக்கு பட்ட கெடுத்தது யாருன்னு தெருவே பாக்கட்டும்."

நடந்தேன். ஒரு பக்கம் ஈரப் பாவு, மறு பக்கம் வாசலுக்கு வாசல் முகங்கள், அதில் என் மாமியார் முகமும். நான் தலையைக் குனியவில்லை. எனக்காக நீ வாங்கிக்கொண்ட பேச்சை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். இனி அந்தத் தெருவில் திமிர் பிடித்தவன் என்றால் அது நான்தான். நீ வேண்டாம் என்றாலும் திருப்பித் தர மாட்டேன்.